எடைக்குச் செய்த கல்

பெட்டி பேசவில்லை என்று சொன்னதும் நான் முதலில் திட்டியது வயரை. அப்புறம் வயரைச் செருகிய பெண்ணை. அப்புறம், திட்டுவதற்கு வேறு யாரும் மிச்சமில்லாததால், என்னை. என் கோபம் அப்படித்தான். வெளியே போக வழியில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

பெட்டி என்றதும் தகரப் பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். நிலவில் இறங்கப்போகும் கலத்தின் காலோரம் உட்கார்ந்துகொண்டு, எதிரே கிடக்கும் கல்லின் மேல் ஒளியைப் பாய்ச்சி, "நீ யாரு?" என்று கேட்கும் கருவி அது. ஒளி கல்லில் பட்டுச் சிதறும். சிதறியதில் பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பி வரும். துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால், கல் தன் பெயரைச் சொல்லிவிட்டது என்று அர்த்தம். இதை ராமனும் கிருஷ்ணனும் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னால் வெயிலையும் வண்ணக் கண்ணாடிகளையும் சொந்தக் கண்களையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். ராமன் பெயரை ஊரே சொல்லும். கிருஷ்ணன் பெயரைச் சொல்ல ஆளில்லை. அதனால் நான் வீம்புக்கென்றே இரண்டையும் சேர்த்துச் சொல்வேன்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது இந்தப் பெட்டியின் முதல் படத்தைக் காகிதத்தில் போட்டேன். இப்போது அவள் என் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள். நடுவில் உள்ள காலம் முழுவதும் இந்தப் பெட்டிக்குள்தான் போனது. இந்தக் கலத்தில் அது ஏறாவிட்டால் எங்கள் குழுவைக் கலைத்து, ஆளுக்கொரு பிரிவில் போட்டுவிடுவார்கள். யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். அதுவே போதாதா?

பெட்டிக்கு ஓர் இரட்டை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

கலம் என்பது தராசு மாதிரி. ஒரு பக்கம் ஒரு கருவி கடைசி நேரத்தில் தயாராகாமல் போனால், அந்த இடத்தைச் சும்மா விட முடியாது. எடை மாறிவிடும், கலம் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் அதே எடையில், அதே அளவில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு போலியைச் செய்து வைப்பார்கள். எல்லாரும் அதை டம்மி என்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் கல். அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்ததுதான், ஆனாலும் கல். கருவி வராத இடத்தில் கல் போகும். கருவி செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

எங்கள் கல்லைச் செய்தவர் திருகாணி. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் ஒரு திருகையாவது இறுக்கிவிட்டுத்தான் நகர்வார் என்பதால் வந்த பெயர். அவர் வேறு யாருமில்லை, என் நாத்தனாரின் கணவர். வேலையிடத்தில் நான் அவரை சார் என்பேன், வீட்டில் அண்ணா என்பேன். கோபம் வந்தால் இடம் மாறிவிடும். அவர் அந்தக் கல்லைச் செய்தது சாதாரணச் செய்நேர்த்தி இல்லை. எடை மட்டுமில்லாமல், எந்தப் பக்கம் சாய்த்தாலும் கனம் விழும் இடம்கூட ஒன்றாக இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் அரத்தோடு உட்கார்ந்தார். கலத்திலிருந்து வரும் வயர் தொங்காமல் இருக்க, வயரைச் செருகும் இடத்தைக்கூட என் பெட்டியில் உள்ளது போலவே வைத்தார். பெட்டியின் கண்ணுக்கு ஒரு மூடி உண்டு, நிலவில் இறங்கிய பிறகுதான் அது திறக்கும். கல்லுக்குக் கண்ணே இல்லை. ஆனாலும் மூடி வைத்தார்.

"போகவே போகாத ஒண்ணுக்கு எதுக்குண்ணா இவ்ளோ அலங்காரம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பொய்யாவே இருந்தாலும் ஒழுங்கா இருக்கணும்மா" என்றார்.

கடைசியில் இரண்டுக்கும் தங்க நிறத் தாள் போர்த்தினார்கள். வெயிலும் குளிரும் உள்ளே போகாமலிருக்கப் பெட்டிக்கு அது தேவை. கல்லுக்குத் தேவையில்லை. ஆனால் போர்த்துகிறவர், எங்கள் தையல்காரர், கை பழகட்டும் என்று முதலில் கல்லுக்குத்தான் போர்த்தினார். எண் பொறித்த தகடு இரண்டிலும் தாளுக்கடியில் போய்விட்டது. பிறகு பெட்டியில் ஒரு பச்சை நாடாவும் கல்லில் ஒரு சிவப்பு நாடாவும் கட்டினோம். சிவப்பில் 'பறக்காது' என்று எழுதியிருக்கும்.

பெட்டி கலத்துக்குப் போவதற்கு முந்தின நாள், பெரிய இடத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்தார். எங்கள் இயக்குநருக்கு விருந்தினர் வந்தால் போதும், கால் தரையில் பாவாது. எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் "பார்த்துக்கலாம்" என்பார் என்பதால் அவர் எங்களுக்குப் பார்த்துக்கலாம் சார். அன்று வழக்கம்போல, அணுக்கூட்டத்துக்குக் கணக்குப் போட்ட போஸ், நட்சத்திர வெளிச்சத்திலிருந்து அதன் சூட்டைப் படிக்க வழி சொன்ன சாஹா, ராமன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "கிருஷ்ணன்" என்று நான் இடையில் செருகினேன். "ராமனும் கிருஷ்ணனுமா இந்தப் பெட்டியைச் செஞ்சாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார். அப்போதே எனக்குத் தலை சுற்றியது.

பேச்சு படுத்துவிட்டதைப் பார்த்து, பார்த்துக்கலாம் சார் ஒரு விளையாட்டு வைத்தார். இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்து, நாடாக்களை அவிழ்க்கச் சொன்னார்.

"எது நிஜம், எது டம்மி? சொல்லுங்க பார்ப்போம்."

அந்த அம்மாள் குனிந்து, நிமிர்ந்து, ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "அய்யோ, அது கல்லு மேடம்!" என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். திருகாணி அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அவர் கல்யாண வீடியோவில்கூடப் பார்த்ததில்லை. பிறகு போட்டோ எடுத்தார்கள். முன்னே வைக்கச் சொன்னார்கள், பின்னே வைக்கச் சொன்னார்கள், வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்கள். எல்லாம் முடிந்ததும் நான் பச்சை நாடாவைக் கட்டினேன், அவர் சிவப்பைக் கட்டினார். டீ சாப்பிடப் போனோம்.

அன்று காலைதான் பெட்டியை என் மேசையில் கடைசி முறையாக ஓட்டிப் பார்த்திருந்தேன். அதன் கண்ணை மறைக்கும் மூடியின் உட்புறத்தில் கடுகளவு வைரம் ஒன்று ஒட்டியிருக்கும். மூடி திறக்காமலேயே பெட்டி அந்த வைரத்தைக் கேட்டுப் பார்த்துத் தன்னைச் சோதித்துக்கொள்ளும். வைரத்துக்கு ஒரே ஒரு கோடு, ஊசிமுனை மாதிரி. அன்று காலை அது சமர்த்தாக வந்தது.

மறுநாள் பெட்டியைக் கலத்தில் மாட்டி மின்சாரம் கொடுத்தால், ஒன்றுமில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது.

மின்சாரப் பிரிவில் இருக்கும் பெண்ணை எல்லாரும் ஷாக் என்போம். அவள் எதற்கும் அதிர மாட்டாள், அதனால். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கரண்ட் எடுக்கவே இல்லக்கா. பூஜ்யம்."

"கொஞ்சங்கூடவா?"

"சுத்தப் பூஜ்யம்."

"பூஜ்யத்தைக் கண்டுபிடிச்சது நம்ம ஆளுங்கதான்னு நேத்துதான் பெருமையடிச்சோம். இன்னைக்கு வந்து உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றார் பார்த்துக்கலாம் சார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை, வாய் தவறி வந்துவிட்டது போல.

வயரை மாற்றினோம். பூஜ்யம். மின்சாரம் வருகிறதா என்று வயரின் நுனியில் அளந்தோம். வருகிறது. வேறொரு கருவிக்கு அதே வயரைச் செருகினோம். அது ஜம்மென்று ஓடியது. திரும்ப என் பெட்டிக்கு வந்தால் பூஜ்யம். உள்ளே எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும் என்றாள் ஷாக். முந்தின நாள் காலை வரை நன்றாக இருந்த கம்பி, மேசையிலிருந்து கலம் வரை தள்ளுவண்டியில் வந்த தூரத்தில் எப்படி அறும்? நான் தள்ளுவண்டிக்காரரைக் குறுக்குவிசாரணை செய்தேன். மாடிப்படியில் இறக்கினீர்களா? இல்லை. யாராவது இடித்தார்களா? இல்லை. தும்மினீர்களா? அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

திறந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். தாளைக் கிழித்து, ஒட்டியதைப் பிரித்துத் திறந்தால், மறுபடி மூடி, சூட்டிலும் குளிரிலும் வைத்து, குலுக்கி, எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. அதற்கு வாரங்கள் ஆகும். கலம் நிலவில் இறங்கும் இடத்தில் வெயில் எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை. புறப்படும் நாள் என்னுடைய கம்பிக்காகத் தள்ளிப்போகாது.

மாலையில் கூட்டம். என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பலகையில் எழுதினோம். ஒவ்வொன்றையும் எழுதியவரே அழித்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். முடிச்சுகூட விழவில்லை.

"குழப்பம் நல்லதும்மா" என்றார் பார்த்துக்கலாம் சார். அவர் ஆறுதல் சொல்கிறாராம். "ராமன் கிட்ட இருந்தவங்க அந்தத் திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணிப் பார்த்தாங்க. மங்கலா ஒரு வெளிச்சம், போகவே இல்ல. அழுக்குன்னுதான் நினைச்சாங்க. கடைசியில அதுதானே கண்டுபிடிப்பு?"

"அவங்களுக்கு அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் இருந்துச்சு சார். எனக்கு நாளைக்குக் காலைல வரைக்கும்தான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"காலைல கழட்டிடுவோம். கல்லை மாட்டிடுவோம். எனக்கு வேற வழி தெரியலம்மா."

திருகாணி அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. அவர் சந்தோஷத்தை மறைக்கத்தான் தலை குனிந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எரிகிற வயிறு ஆதாரமா கேட்கும்?

வீட்டுக்குப் போனால் என் கணவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பல் டாக்டர். எதையும் பல்லை வைத்துத்தான் யோசிப்பார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தட்டிப் பார்த்தியா?" என்றார். "எந்தப் பல்லு உசிரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு நாங்க முதல்ல தட்டித்தான் பார்ப்போம்."

"மேல போற பொருளைத் தட்டக் கூடாது. கையுறை இல்லாமத் தொடவே கூடாது. அது என்ன உங்க கடவாப்பல்லா?"

"நான் சும்மா கேட்டேன்மா" என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன். அண்ணி என்னைவிடப் பெரியவர், நல்லவர், எதையும் பாதிதான் கேட்பார்.

"ஏய், உங்கண்ணன் செஞ்சது நிலாவுக்குப் போகுதாமே! வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு, சாப்பிடவும் மாட்டேங்கறாரு. நானா நோண்டி நோண்டிக் கேட்டேன்."

"ஆமா அண்ணி. என்னோடது போகல. அதனால அவரோடது போகுது."

"அப்ப நான் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா?" என்றார். உண்மையாகவே கேட்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "எதுவா இருந்தா என்னடி? நம்ம குடும்பத்துல இருந்து ஏதோ ஒண்ணு போகுதுல்ல?"

நான் போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் கதவைத் தட்டி, "அம்மா, தண்ணி வீணாகுது" என்றாள். அதுவும் என் வளர்ப்புதான்.

காலையில் கலம் இருக்கும் தூசியில்லா அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி, கண் மட்டும் தெரிய, திருகாணி அண்ணன் கலத்தின் காலோரம் மண்டியிட்டிருந்தார். சிவப்பு நாடா கட்டிய கல்லை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே என் பெட்டியைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்தாகிவிட்டது. அளந்து இறுக்கும் சாவி ஒவ்வொரு திருகிலும் 'டக்' என்று சொன்ன பிறகும், அவர் கையை எடுக்காமல் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். தூங்குகிற குழந்தையின் முதுகிலிருந்து கையை எடுக்கத் தயங்குகிற மாதிரி. வயரைச் செருகினார். தங்கத் தாளில் ஒரு சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார். எனக்கு அந்த விரலைப் பிடித்துக் கடிக்கலாம் போல இருந்தது.

கழற்றிய பெட்டியை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தையல்காரர் பச்சை நாடாவை அவிழ்த்துவிட்டு, வேறொரு சிவப்பு நாடாவைக் கட்டினார். "மன்னிச்சுக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் நானும் பெட்டியும் மட்டும்.

இனி அது பறக்கப்போவதில்லை. அதனால் கையுறை வேண்டியதில்லை. கழற்றினேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக வெறுங்கையால் அதன் மேல்மூடியைத் தொட்டேன். அந்த மேல்மூடி பிஸ்கட்டைவிட மெல்லியது. எடை குறைய வேண்டும் என்று நானே சண்டை போட்டு மெலிய வைத்தது. முன்பு செய்த மாதிரிப் பெட்டியின் மேல் ஒருவன் பேனாவைத் தவறவிட்டு, மூடியில் குழி விழுந்து, நான் அவனோடு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை.

"என்னதான்டி உனக்கு?" என்றேன் பெட்டியிடம். "முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்த? என்ன குறை வெச்சேன் உனக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!"

சொல்லவில்லை. நான் முஷ்டியை மடக்கி, முழு பலத்தோடு, நடு மூடியில் ஒரு குத்து விட்டேன். நசுங்கட்டும் என்றுதான் குத்தினேன். என்னால் முடிந்திருந்தால் அதைத் தரையில் போட்டு மிதித்திருப்பேன்.

தாள் கிழிந்தது. என் கை வலித்தது. மூடி நசுங்கவில்லை.

வலியில் கையை உதறிக்கொண்டே யோசித்தேன். பேனா விழுந்தால் குழி விழுகிற மூடி. நான் பேனாவைவிட லேசா? ஒரு விரலை மடக்கித் தட்டினேன். டொக். இன்னொருமுறை. டொக். கட்டியான, கனத்த சத்தம். என் பெட்டி அப்படிச் சத்தம் போடாது. தட்டாமலே தெரியும், அதன் ஒவ்வொரு தகடும் எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியும். விரல் தடிமனில் சுவர் வைத்த ஒரே ஒரு பொருள்தான் இந்தக் கட்டடத்தில் உண்டு.

இது கல்.

இது கல் என்றால், பெட்டி எங்கே? எனக்கு உடனே விளங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அலமாரியைத் திறந்து பார்த்தேன். மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான். பிறகுதான் காலையில் அண்ணன் தாளை நீவிய விரல் ஞாபகம் வந்தது.

ஓடினேன். தூசியில்லா அறைக்குள் போக வெள்ளை உடுப்பு, தொப்பி, காலுறை என்று ஆயிரம் சடங்கு. வாசலில் இருந்த காவலர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். உள்ளே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கலாம் சார் தொப்பியோடு வெளியே வந்தார்.

"சார், அது கல்லு இல்ல. அதுதான் பெட்டி. நீங்க கழட்டினதுதான் கல்லு. இப்ப மாட்டியிருக்கறது பெட்டி."

அவர் என் தோளில் கை வைத்தார். "நீ வீட்டுக்குப் போம்மா. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

"எனக்குப் பைத்தியம் பிடிக்கல சார்! அன்னைக்கு விருந்தாளிக்கு விளையாட்டுக் காட்டினோமே, நாடாவை அவுத்தோமே, அப்ப மாறியிருக்கு. நாம நேத்து பூரா கல்லுக்குக் கரண்ட் குடுத்துட்டு, கல்லு ஏன் பேசலன்னு கூட்டம் போட்டிருக்கோம்."

"மாட்டினது கல்லு. நீயே பார்த்தியே?"

"மாட்டினது பெட்டி."

"கழட்டினது?"

"கல்லு."

"அப்ப பெட்டி எங்க?"

"மாட்டியாச்சு சார்!"

அவர் காவலரைப் பார்த்தார். காவலர் தரையைப் பார்த்தார். அதற்குள் திருகாணி அண்ணனும் ஷாக்கும் வந்துவிட்டார்கள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை மூடியை நான்தான் தடிமனாகச் செய்யச் சொன்னேனோ? அழுது அழுது காது அடைத்து, சத்தம் மாறிக் கேட்டதோ?

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்றேன். "இப்ப மாட்டியிருக்கறதுக்கு மின்சாரம் குடுங்க."

"டம்மிக்கா?" என்றார் பார்த்துக்கலாம் சார்.

"டம்மிக்குக் குடுத்தா என்ன ஆகிடப் போகுது சார்?" என்றாள் ஷாக். "பூஜ்யம் வரும். அவ்வளவுதான். நேத்து பூரா அதைத்தானே பார்த்தோம்?"

பார்த்துக்கலாம் சார் என்னை ஒருமுறை பார்த்தார், கலத்தை ஒருமுறை பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, "இப்பவே பார்த்துடலாம்" என்றார்.

ஷாக் திரைமுன் உட்கார்ந்தாள். நான் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விசையை அழுத்தினாள். முதலில் பூஜ்யம்தான் இருந்தது. பிறகு அந்தப் பூஜ்யம் கலைந்து ஓர் எண் வந்தது. அந்த எண் ஏறியது. எதற்கும் அதிராத ஷாக், "அய்யய்யோ!" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"வைரத்தைக் கேளு" என்றேன்.

கேட்டாள். திரையில் ஒரு தட்டையான கோடு இடமிருந்து வலமாக வளர்ந்தது. பாதியில் ஊசிமுனை மாதிரி ஒரே ஒரு எழுச்சி. வைரம். கல் என்ற பெயரில் கலத்தில் உட்கார்ந்துகொண்டு, கழுத்தில் 'பறக்காது' என்ற நாடாவோடு, என் பெட்டி பேசியது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லை.

யார் எப்போது மாற்றியது என்று ஒரு சுற்று பேசினார்கள். ஒருவர் செய்தால் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று நானும் அண்ணனும் ஆளுக்கொரு நாடாவைக் கட்டினோம். அவர் பார்க்கிறார் என்று நானும், நான் பார்க்கிறேன் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். அந்த விருந்தாளி அம்மாள் சரியாகத்தான் காட்டினாரோ, நான்தான் அப்போதே குழம்பிப்போய்ச் சிரித்தேனோ, அதுவும் தெரியவில்லை. "போதும், யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் பார்த்துக்கலாம் சார். "தப்பா கழட்டி, தப்பா மாட்டி, எப்படியோ சரியா இருக்கு. இது இப்படியே போகட்டும்." சிவப்பு நாடாவை அவிழ்க்க மட்டும் என்னை உள்ளே விட்டார்கள். அவிழ்த்துவிட்டு, இன்னொருமுறை வைரத்தைக் கேட்கச் சொன்னேன். அப்புறம் இன்னொருமுறை. மூன்றாவது தடவை ஷாக் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

என் கணவருக்குப் போன் செய்து நம் பெட்டிதான் போகிறது என்றேன். "நேத்து கல்லுதான் போகுதுன்னு அழுத?" என்றார். "கல்லு இங்கதான் இருக்கு, நல்லாத் தட்டிப் பார்த்துட்டேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி கூப்பிட்டார். "அப்ப எங்க வீட்டுக்காரர் செஞ்சது போகலையா?" என்று கேட்ட குரல் லேசாக உடைந்திருந்தது. நேற்று எனக்குச் சொன்ன ஆறுதலையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். "அதெப்படிடி ஒண்ணாகும்?" என்றார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது திருகாணி அண்ணன் மட்டும் மேசைமுன் நின்றிருந்தார். கல்லை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னையே ஏமாத்திடுச்சுல்ல?" என்றார். கண் கலங்கியிருந்தது. பெருமையா, வருத்தமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "ஒரு நாள் முழுக்கக் கலத்துல உட்கார்ந்து, ஊரையே சுத்தவிட்டிருக்கு."

"காலைல எவ்ளோ பதமா மாட்டினீங்க அண்ணா" என்றேன். "எனக்கு அப்படி எரிஞ்சுது."

"என் கல்லுதான் போகுதுன்னு நினைச்சுட்டு மாட்டினேன். இல்லேன்னா அவ்ளோ பார்த்து மாட்டியிருப்பேனான்னு எனக்கே தெரியலம்மா."

பிறகு அவர் விரல் மேல்மூடியில் நின்றது. "இங்க ஏன் கிழிஞ்சிருக்கு?"

"நான்தான் குத்தினேன்."

"என் கல்லையா?"

"என் பெட்டின்னு நினைச்சு."

அவர் கிழிசலை ஒட்டவைப்பது போல அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, அது உன் பெட்டியாவே இருந்திருந்தா?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.